ஆளுக்கு ஒரு தடவை

முதலில் நசுங்கியது எலுமிச்சம்பழம்.

முத்துக்குமார் 'எக்ஸ்' என்று எழுதியிருந்த பட்டனை, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத்தான் தொட்டான். கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடைகிற பழைய சிஎன்சி லேத்தின் டூல் தலை ஒரு நெல்மணி அளவு நகர்ந்து நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடியது. அதோடு விடாமல், யாருமே கூப்பிடாத இசட் பக்கமும், அதாவது நீளவாக்கிலும், ஓடியது. முதல் ஓட்டத்துக்கென்று பட்டறை முதலாளி கிருஷ்ணப்பன் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நடுவில் மாட்டிக்கொண்டது. சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அலாரம் அடித்து, மிஷின் தானாக அணைந்தது.

"எமர்ஜென்சிய அமுக்குங்க!" என்று முத்துக்குமார் கத்தியது எல்லாம் முடிந்த பிறகுதான்.

கிருஷ்ணப்பன் சட்டையைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார்.

"எங்க ஜவளகிரில யானை இப்பிடித்தான் ஓடும் முத்து. நாங்க பட்டாசு வெடிப்போம். இதுக்கு என்னா வெடிக்கறது?"

"சின்ன விஷயந்தான் அண்ணாச்சி. பாத்துருதேன்."

கிருஷ்ணப்பன் யானைகளுக்காகவே ராகி விதைத்து விதைத்து அலுத்துப்போய், மூக்கண்டப்பள்ளிக்கு வந்து ஷெட் பிடித்தவர். ஏலத்தில் எடுத்த இந்த லேத்தைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம், "காயலாங்கடைக்குப் போடுங்க" என்று சொல்லி, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். "ஓட வைக்கலாம் அண்ணாச்சி" என்று சொன்ன ஒரே ஆள் முத்துக்குமார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவன். ஒரு கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தான். அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது இவன் போகவில்லை. தனியாக எடுத்த முதல் வேலை இதுதான். லேத்தின் மோட்டார்கள் பழையவை. அவற்றை ஓட்டுகிற சர்வோ டிரைவ்களும் கன்ட்ரோலரும் புதியவை. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வயர் ஒவ்வொன்றும் முத்துக்குமாரின் கைவேலை.

மறுநாள் காலை சுசித்ரா மேடம் வருவதாக இருந்தது. பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி. அவர் கண்ணெதிரே இந்த மிஷின் ஒரு பீஸைச் சரியாகக் கடைந்து கொடுத்துவிட்டால் பட்டறைக்கு வருஷம் முழுக்க வேலை. கொடுக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இது கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். ஆபரேட்டர் ஆனந்துக்குத் தெரியும். பட்டறையைப் பெருக்கி, மூலையில் ஸ்டவ் வைத்து டீ போடுகிற வெள்ளையம்மாவுக்கும் தெரியும்.

"வயரிங்ல எதுனா…" என்று கிருஷ்ணப்பன் மெல்ல இழுத்தார்.

"அண்ணாச்சி, எதுல வேணும்னாலும் தப்பு வரும். என் வயரிங்ல வராது."

சொல்லிவிட்டுப் பேனலைத் திறந்தான். திறந்ததுமே தெரிந்துவிட்டது, தப்பு அவன் வயரிங்கில்தான் என்று.

ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் என்கோடர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிரைவுக்குத் திருப்பிச் சொல்வது அதன் வேலை. எக்ஸ் மோட்டாரின் சேதி எக்ஸ் டிரைவுக்குப் போக வேண்டும், இசட் மோட்டாரின் சேதி இசட் டிரைவுக்குப் போக வேண்டும். இங்கே இரண்டு பிளக்கும் இடம் மாறியிருந்தன. அண்ணனைக் கிள்ளினால் தம்பி அழுகிற கதை. எக்ஸ் டிரைவ் தன் மோட்டாரைத் தள்ளுகிறது. "நகர்ந்துட்டேன்" என்ற பதில் பக்கத்து டிரைவுக்குப் போய்விடுகிறது. பதில் வராத கோபத்தில் டிரைவ் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. அந்தப் பதிலைக் கேட்ட இசட் டிரைவோ, "நான் கேட்கவே இல்லையே" என்று பதறி அதுவும் ஓடுகிறது.

இரண்டு கேபிளும் இரட்டைப் பிள்ளைகள். சாம்பல் நிறம், ஒரே மாதிரி பிளக்; ஒரு முனை இந்தப் பேனலில், மறுமுனை மிஷினின் பின்பக்கத் தகட்டில். அடையாளத்துக்குச் சுற்றிய சிவப்பு டேப் எண்ணெயில் ஊறி, பேனலின் அடியில் சுருண்டு கிடந்தது.

பிளக்கை மாற்றிச் செருகினால் முடிந்தது. ஆனால் "என் வயரிங்ல வராது" என்ற வார்த்தை இன்னும் காற்றில்தான் இருந்தது. கிருஷ்ணப்பன் பக்கத்திலேயே நின்று எலுமிச்சை சாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா முத்து, தெரிஞ்சுதா?"

"கொஞ்சம் ஆழமாப் பாக்கணும் அண்ணாச்சி" என்று பேனலை மூடினான்.

"டீ!" என்று வெள்ளையம்மா கூப்பிட்டாள்.

கிருஷ்ணப்பன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஆனந்தைக் காணவில்லை. முத்துக்குமார் மெயினை அணைத்தான், பேனல் கதவைப் பாதி திறந்தான், உடம்பால் மறைத்துக்கொண்டான், இரண்டு பிளக்கையும் பிடுங்கினான். செருகுமுன் பிளக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவன் வழக்கம். இன்றைக்கு இரண்டு தடவை ஒற்றிக்கொண்டான். எக்ஸை எக்ஸிலும் இசட்டை இசட்டிலும் செருகிவிட்டுத் திரும்பினால், வெள்ளையம்மா டம்ளரோடு பின்னால் நின்றாள்.

"டீ ஆறுதுங்க சார்."

"இந்தா வந்துட்டேன்."

அவள் பிளக்கைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பயபக்தியோடு ஒதுங்கிக்கொண்டாள்.

அப்போது மிஷினுக்குப் பின்னாலிருந்து ஆனந்த் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

"கவலப்படாதீங்க முத்து சார். இப்ப ஓடும் பாருங்க."

"எப்பிடிச் சொல்லுதீங்க?"

"மனசுக்குத் தோணுது சார்."

ஆனந்த் அப்படித்தான். அவன் மனைவி ஜெயப்ரியாவின் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது, இருந்த இடத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கை நீட்டியவன் முத்துக்குமார். அதிலிருந்து முத்துக்குமார் தும்மினால் ஆனந்த் கைக்குட்டை நீட்டுவான். 'நல்ல மனுஷன்' என்று நினைத்துக்கொண்டு முத்துக்குமார் மிஷினிடம் போனான்.

கிருஷ்ணப்பன் இரண்டாவது எலுமிச்சம்பழத்தை வைத்தார். இந்தத் தடவை தள்ளி நின்றார். முத்துக்குமார் நிம்மதியாகப் பட்டனைத் தொட்டான்.

எக்ஸ் ஓடியது. இசட்டும் ஓடியது. பழம் போயிற்று.

"நல்ல பழம்" என்றார் கிருஷ்ணப்பன் வருத்தமாக.

முத்துக்குமார் பேனலிடம் ஓடினான். பேனலைத் திறந்து பார்த்தான். பிளக்குகள் சரியான இடத்தில்தான் இருந்தன. ஆனந்தின் முகத்திலிருந்த சிரிப்பும் காணாமல் போயிருந்தது. அவன் மிஷினை, அது பொய் சொல்லிவிட்டது போலப் பார்த்தான்.

"வயரிங் சரியா இருக்கு" என்றான் முத்துக்குமார், இப்போது உண்மையாகவே. "ரெண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள்ள போகுது. ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணுல ஏறுது. எர்த் சரியில்ல அண்ணாச்சி."

"எர்த்துக்கு என்னா பண்ணணும்?"

"குழில உப்புப் போட்டுத் தண்ணி ஊத்தணும்."

"உப்புதான? ஊத்திடுவோம்."

எர்த் குழி வாசலோரம் இருந்தது. அது வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. முத்துக்குமார் உப்பைக் கொட்டினான். கிருஷ்ணப்பன் போர் தண்ணீருக்கு ஹோஸ் போட்டார். குழி குடித்தது. "நல்லா குடிக்கட்டும், பாவம்" என்று ஹோஸை விட்டுவிட்டு இருவரும் உள்ளே வந்து, கேபிளைச் சுற்றிய கம்பி வலையை எர்த் கம்பியோடு சேர்த்து முறுக்கினார்கள். அந்த வேலையில் ஹோஸ் மறந்துபோயிற்று. குழி குடித்து முடித்து, வாசல் குடித்தது. வாசல் முடித்து, தண்ணீர் பட்டறைக்குள் வந்தது.

"ஏங்க சார்! இப்பத்தான பெருக்குனேன்!" என்று வெள்ளையம்மா துடைப்பத்தோடு ஓடினாள்.

கிருஷ்ணப்பன் போர் மோட்டாரை நிறுத்த ஓடியதில் அவருடைய ஒரு செருப்பு சேற்றில் புதைந்தது. அதை எடுக்கக் குனிந்ததில் இன்னொன்றும் புதைந்தது. அவர் வெறுங்காலோடு வந்து மூன்றாவது எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

அதுவும் போயிற்று.

"இப்ப எர்த் சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"எர்த் ரொம்பச் சரியா இருக்கு அண்ணாச்சி."

யாராவது ஒருவர் திட்டியிருந்தால் முத்துக்குமாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஆனந்த் மட்டும் அடிக்கடி பெருமூச்சு விட்டான்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று ஒருமுறை ஆரம்பித்தான்.

"சொல்லுங்க."

ஆனந்த் கிருஷ்ணப்பனைப் பார்த்தான். "இல்ல சார். ஒண்ணும் இல்ல. சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்."

மதியச் சாப்பாடு கிருஷ்ணப்பனின் மனைவி செல்வம்மாள் கொடுத்தனுப்புவது. வேலை தொடங்கிய நாளிலிருந்து முத்துக்குமாருக்கும் சேர்த்தே களி வரும், கீரைக் குழம்பு வரும். "தெக்கத்திப் பையன், களி எறங்குமோ என்னவோ" என்று அவனுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கைப்பிடி சோறும் இருக்கும். இன்றைக்கு வாசலெல்லாம் சேறு என்பதால், கிருஷ்ணப்பன் கேரியரைப் பத்திரமான இடம் என்று மிஷினின் தட்டில், இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் பக்கமாக வைத்திருந்தார். எக்ஸ் எப்போதும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஓடியது. அதனால் அது பத்திரமான இடம்தான்.

அந்த நேரத்தில்தான் முத்துக்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. கன்ட்ரோலரில் மோட்டார் சுற்றும் திசையை மாற்றிப் பார்த்தால்?

மாற்றினான். பட்டனைத் தொட்டான்.

எக்ஸ் இந்தத் தடவை சக்கின் பக்கம் ஓடியது. டூல் நுனி சக்கில் மோதித் தெறித்தது. கேரியர் நடுவில் மாட்டிக்கொண்டது.

அலாரம் ஓய்ந்ததும் கிருஷ்ணப்பன் கேரியரை இழுத்தெடுத்தார். மூடி திறக்கவில்லை. ஆனந்த் ஸ்பேனரால் நெம்பித் திறந்தான். களி உருண்டைகள் இருந்த அடுக்கில், வட்டமாக, மெல்லிசாக, ஒரே கனத்தில் ஏதோ இருந்தது.

"பரவால்ல" என்றார் கிருஷ்ணப்பன், அதை விரலால் தட்டிப் பார்த்து. "களியா வந்துச்சு, ராகி ரொட்டியாயிடுச்சு. சாப்பாடு சாப்பாடுதான?"

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க."

"எதுக்குப்பா? மிஷின் ஓடுது இல்ல? ஏலத்துல எடுத்தப்ப அசையக்கூட இல்ல. இப்ப ஓடுது. நிக்கத்தான் தெரியல. ஓடற ஒண்ண நிக்க வெக்கறது பெரிய விஷயமா?"

அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவர் முத்துக்குமாரின் தோளில் கை போட்டார். "நாளைக்கு ஓடுனாலும் சரி, ஓடாட்டியும் சரி. எல்லாரும் பழைய இரும்புன்னு சொன்னத நீ ஒருத்தன்தான் மிஷின்னு சொன்ன. அத நான் மறக்க மாட்டேன்."

முத்துக்குமார் பைக்கை ஸ்டார்ட் செய்யாமலே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனான். அண்ணாச்சி திட்டியிருக்கலாம் என்று மறுபடியும் நினைத்தான்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தான். உடைந்த டூல் நுனியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். இருந்தது அது ஒன்றுதான். திசையைப் பழையபடி மாற்றினான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் வகுப்புப் பாடத்துக்குப் போனான். டிரைவுக்குச் சக்தி கொடுக்காமல், எக்ஸ் மோட்டாரின் திருகுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, திரையில் எந்த எண் மாறுகிறது என்று பார்த்தான்.

இசட் மாறியது.

உட்கார்ந்துவிட்டான். முதலில் இடம் மாறியிருந்தது. மாற்றினான். இப்போதும் இடம் மாறித்தான் இருக்கிறது. அப்படியானால் குழாய்க்குள்ளே கேபிள்கள் தாங்களாகவே உருண்டு படுத்தனவா?

யோசிக்க நேரமில்லை. மெயினை அணைத்துவிட்டுப் பேனலில் இரண்டு பிளக்கையும் பிடுங்கி, கண்ணில் ஒற்றி, இடம் மாற்றிச் செருகினான். இன்னொரு தடவை கையால் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று எழுந்தபோது வெள்ளையம்மா வாளியோடு வந்தாள்.

"இன்னைக்கும் கும்புட்டீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. அதத் தவிர வேற வழியில்ல."

வாசலில் கிருஷ்ணப்பனின் வண்டி வந்து நின்றது. மலைக்கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் தட்டு, தட்டில் குங்குமம், கற்பூரம், நான்காவது எலுமிச்சம்பழம்.

"முத்து, கையெல்லாம் எண்ணெ. போயிக் கழுவிட்டு வா, பிரசாதம் தரேன். நான் மிஷினுக்குப் பொட்டு வெக்கறேன்."

முத்துக்குமார் கை கழுவிவிட்டு வந்தபோது கிருஷ்ணப்பன் மிஷினுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். முட்டியில் தூசி. கண்ணில் ஒரு ரகசியத் திருப்தி.

"பின்னாடியுமா அண்ணாச்சி பொட்டு?"

"முன்னாடி மட்டும் வெச்சா போதுமா? யானைக்கு வாலுப் பக்கமும் மரியாத செய்யணும்."

கார் ஹாரன் கேட்டது. சுசித்ரா மேடம் சொன்னதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கையால் சுற்றிப் பார்ப்பது அதோடு போயிற்று. ஆனந்த் பிஸ்கட் பொட்டலத்தோடு ஓடிவந்தான். மூவரும் வாசலுக்கு ஓடினார்கள், நேற்றைய சேற்றில் பலகை போட்டு மேடத்தை உள்ளே அழைத்து வர.

"வெள்ளையம்மா, மிஷின் பக்கத்துலயே நில்லு. யாரயும் தொட வுடாத" என்று கிருஷ்ணப்பன் போகிற போக்கில் சொன்னார்.

"சரிங்க" என்று அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பலகை வழுக்கியது. மேடத்தின் ஒரு ஷூ சேற்றுக்குள் போயிற்று. கிருஷ்ணப்பன் பதறிப்போய்க் கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று கேட்டுவைத்தார்.

"சாப்பாடெல்லாம் ஆச்சு சார்" என்று அவர் தமிழிலேயே சொன்னார், ஷூவைப் பார்த்தபடி. "மழை ஒண்ணும் பெய்யலையே?"

"எர்த்துக்கு ஊத்துனது மேடம்."

"நிறையவே ஊத்திருக்கீங்க. மிஷின் பாக்கலாமா? எனக்கு அடுத்து ஜிகணில ஒரு பட்டறை இருக்கு."

ஜிகணி என்ற வார்த்தையைக் கேட்டதும் மூவரும் ஒரே நேரத்தில் வழிவிட்டார்கள்.

மிஷின் முன்னால் வந்து நின்றார்கள். கிருஷ்ணப்பன் நான்காவது எலுமிச்சம்பழத்தை, பழைய இடத்திலேயே, ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல விட்டுவிட்டு வந்தார். சுசித்ரா மேடம் கைகளைக் கட்டிக்கொண்டார். ஆனந்த் கண்களை மூடிக்கொண்டான். முத்துக்குமார் மெயினைப் போட்டான். இடது கையை எமர்ஜென்சி பட்டன் மேல் வைத்துக்கொண்டு, வலது கை விரலால் எக்ஸைத் தொட்டான்.

டூல் தலை ஒரு நெல்மணி அளவு நகர்ந்து நின்றது.

மறுபடி தொட்டான். மறுபடி ஒரு நெல்மணி. இசட்டைத் தொட்டான். இசட் மட்டும் நகர்ந்தது, எக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் உருண்டையாக, மஞ்சளாக, அப்படியே உட்கார்ந்திருந்தது.

"என்ன சார், அழறீங்க?" என்றார் சுசித்ரா மேடம்.

"கூலன்ட் வாசன மேடம்" என்றார் கிருஷ்ணப்பன். சூட்டைத் தணிக்கும் அந்தக் கூலன்டை இன்னும் ஊற்றவே இல்லை.

ஊற்றினார்கள். இரும்புத் துண்டைச் சக்கில் மாட்டினார்கள். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மேடம் சூடு ஆறும்வரை காத்திருந்து, மைக்ரோமீட்டரால் ஒரு முனையில் அளந்தார், நடுவில் அளந்தார், மறுமுனையில் அளந்தார். முதல் அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "வயரிங் யாரு?"

கிருஷ்ணப்பன் முத்துக்குமாரை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "எங்க பையன் மேடம்."

"உங்க நம்பர் குடுங்க. எங்களுக்கு வேலை செய்யற இன்னொரு இடத்துல இதே மாதிரி ரெண்டு பழைய மிஷின் தூங்குது."

அவர் பீஸைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, பலகை மேல் ஜாக்கிரதையாக நடந்து போனார். அன்றைக்கு ஜிகணி பக்கம் போகவில்லை என்று கார் திரும்பிய திசையே சொன்னது.

கார் மறைந்ததும் கிருஷ்ணப்பன் முத்துக்குமாரைக் கட்டிக்கொண்டார். ஆனந்த் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

முத்துக்குமாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன். தப்பு என் வயரிங்லதான். பிளக்க மாத்திச் செருகிட்டேன். நேத்து டீக்குப் போனப்ப ஒங்களுக்குத் தெரியாம சரி பண்ணேன். காலைல மறுபடியும் மாத்துனேன். பெருமை பேசிட்டுச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஆனந்த் கையை எடுத்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து டீ டைம்லயா சார்? ஐயோ! நான் கேபிள் இழுக்கறப்பவே டேப் உரிஞ்சதப் பாத்தேன். ஓனர் முன்னாடி உங்களுக்குத் தலகுனிவு வரக்கூடாதுன்னு, அதே டைம்ல பின்பக்கத் தகட்டுல அந்த ரெண்டு கேபிளயும் கழட்டி மாத்தி மாட்டுனேன். எம் பொண்டாட்டிக்கு ரத்தம் குடுத்தவரு நீங்க. இதக்கூடச் செய்யலன்னா எப்பிடி சார்?"

"ஒங்களாலதான் ஓடலயா!" என்றான் முத்துக்குமார். கோபம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தான். சிரிப்புதான் வந்தது. "நான் முன்னாடி சரி பண்ண, நீங்க பின்னாடி சரி பண்ண, ரெண்டும் சேந்து தப்பாயிருச்சு. எர்த்துக்கு ஊத்துன உப்பெல்லாம் வீண்."

"எங்க வூட்டுக் களியும் வீண்" என்றார் கிருஷ்ணப்பன். பிறகு தொண்டையைச் செருமினார். விபூதி பூசிய நெற்றி சுருங்கியது. "முத்து… நீ டீ டைம்ல பிளக்க மாத்துனத நான் ஜன்னல் கண்ணாடில பாத்துட்டேன்."

"பாத்துட்டீங்களா? ஒண்ணும் கேக்கலயே?"

"கேட்டா நீ கூசிப் போவ. வியாதி அந்தப் பிளக்குலதான்னு மட்டும் புரிஞ்சுது. முன்னாடி நீ மருந்து குடுத்துட்ட, இன்னும் கேக்கல, சரி, பின்னாடியும் குடுக்கணும் போலன்னு, நீ கை கழுவப் போனப்ப பின்பக்கம் ரெண்டயும் மாத்தி மாட்டிப் பொட்டும் வெச்சேன்."

மூவரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளையம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டவ் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவன் முத்துக்குமார்.

"கொஞ்சம் இருங்க" என்றான். விரலை மடக்கினான். "மொதல்ல தப்பா இருந்துச்சு. நான் மாத்துனேன், சரியாச்சு. ஆனந்த் மாத்துனாரு, தப்பாச்சு. காலைல நான் மாத்துனேன், சரியாச்சு. அதுக்கப்புறம் அண்ணாச்சி மாத்துனீங்க…"

"தப்பாச்சு" என்றான் ஆனந்த்.

"மேடம் வந்தப்ப தப்பாத்தான் இருந்திருக்கணும்."

மூவரும் மெதுவாகத் திரும்பி மிஷினைப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் அங்கேயே இருந்தது. கிருஷ்ணப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, மலைக்கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கை கூப்பினார். ஆனந்தும் கூப்பினான். கணக்குப் போட்ட முத்துக்குமாரின் கைகளும் தாமாகவே மேலே எழுந்தன.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த வெள்ளையம்மா கொஞ்சம் பயத்தோடு நிமிர்ந்தாள்.

"ஆளுக்கு ஒரு தடவ அந்த ஒயர மாத்தி மாட்டிக் கும்புட்டுட்டுப் போனீங்களா, மிஷினுக்கு வேண்டுதல் போலன்னு நெனச்சு, நீங்கல்லாம் வாசலுக்குப் போனப்ப எம் பங்குக்கு நானும் ஒருக்கா மாத்தி மாட்டிட்டேன்… தப்புங்களா சார்?"